முழங்கால் அளவு தண்ணீர்

ஏலப்பாறை,
12-9-1957

அன்புள்ள பூவு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் தொடங்கினேன். கை நின்றுவிட்டது. உன் நலத்தைக் கெடுத்த நானே அதை விசாரிப்பது நன்றாக இல்லை.

கொல்லங்கோட்டை விட்டு வந்து ஏழு மாதம் ஆகிறது. நான் பிறந்த எஸ்டேட்டிலேயே, டிஸ்பென்சரியில் மிட்வைஃபாக இருக்கிறேன். சைக்கிளையும் கொண்டுவந்துவிட்டேன். இந்த மலையில் பாதி தூரம் நான் அதைத் தள்ளுகிறேன், மீதி தூரம் அது என்னைத் தள்ளுகிறது. லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்க்கிறார்கள். அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "காலத் தூக்கிப் போட்டு ஏறுத, ஊரே பாக்குது. எவன் கட்டிக்கிடுவான் ஒன்ன?" என்று தினமும் ஒரு பாட்டு.

போன வாரம் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் முழுக்கக் கேட்டுவிட்டு, "இத எங்கிட்டச் சொல்லிட்ட. அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னியா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப மொதல்ல அங்க சொல்லும்மா" என்றார். அதனால் இந்தக் கடிதம். உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன் என்று நினைக்காதே. நான் செய்ததை என் கையாலேயே எழுத வேண்டும்.

ஜனவரியில் பிளாக் ஆபீஸ் திறப்பு விழா. மிட்வைஃப் வேலையில் இருந்த நாம் ஐந்து பெண்கள் வெள்ளைச் சேலை கட்டி, கொடி கட்டின சைக்கிளில் ஊர்வலத்தின் முன்னால் போக வேண்டும் என்று உத்தரவு. நீ வரவே மாட்டேன் என்றாய். நான்தான் இழுத்துவந்தேன். "நான் ஒட்டிப் பின்னாலயே வாரேன், யார் கண்ணுலயும் படாது" என்று வாக்குக் கொடுத்தேன். ஆறு மாதமாக அப்படித்தானே ஓட்டிக்கொண்டிருந்தோம். பிரசவத்துக்குப் பிறகு உனக்குச் சிறுநீர் நிற்காமல் ஒழுகிக்கொண்டே இருந்தது வேலையிடத்தில் என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அன்று வெயிலில் இரண்டு மைல் மெதுவாக மிதிக்க வேண்டியிருந்தது. மடித்து வைத்த துணி தாங்கவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் நீ இறங்கியதும் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். ஹெல்த் விசிட்டரம்மா என் பக்கம் திரும்பி, "பூவாத்தாளுக்கு என்ன?" என்று கேட்டார்.

நான் சொன்னது இது: "அவளுக்குச் சுத்தம் பத்தாதுங்கம்மா. எத்தனையோ தடவ சொல்லியாச்சு."

யாரோ சிரித்தார்கள். நீ மூன்று முழ தூரத்தில் நின்றாய். சைக்கிளைச் சுவரில் சாய்த்தாய், நடந்து போனாய். நான் பின்னால் வரவில்லை.

போத்துண்டியில் எனக்கு மலைக்காய்ச்சல் கண்டு நடுரோட்டில் விழுந்தேனே, அது 1953. என்னைப் பின்னால் உட்காரவைத்து, என் சேலைத் தலைப்பை உன் இடுப்பில் சுற்றி முடிந்துகொண்டு, கொல்லங்கோடு வரை மிதித்தாய். நான் உன் முதுகெல்லாம் வாந்தி எடுத்தேன். வழியில் கேட்டவர்களிடம் நீ, "ரண்டு பேரும் சேத்துல உளுந்துட்டமுங்க" என்று சொன்னாய்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. படித்தாய் என்று ஒரு வரி போடு, போதும்.

இப்படிக்கு,
இன்பமேரி


முதலமடை,
3-10-1957

செல்வி இன்பமேரி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. படித்தேன். தாங்கள் கேட்ட ஒரு வரி இதுதான்.

இதோடு நிறுத்தலாம் என்றிருந்தேன். ஆனால் தாங்கள் அவ்வளவும் எழுதிய பிறகு எனக்கும் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, இனி எழுதினால் அந்த விஷயத்தை இப்படித் திறந்த தாளில் எழுத வேண்டாம். தபால்காரர் அதை என் அய்யனிடம் கொடுத்தார். அய்யனுக்குப் படிக்கத் தெரியாததால் தப்பித்தேன்.

நான் வேலையை ராஜினாமா செய்துவிட்டேன். மாமியார் ஊட்டிலும் இல்லை. அய்யன் ஊரில், தோட்டத்துக் கூரைச் சாளையில் இருக்கிறேன். பெரிய ஊட்டுக்குள் படுத்தால் பாயும் நாறுகிறது, நானும் நாறுகிறேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியபோது யாரும் எங்கே என்றும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் நஞ்சப்பன் ஆடியில் ஒரு தடவை வந்தார். வாசலில் நின்று, மழை உண்டா, மாடு கறக்கிறதா என்று பேசினார். மூக்கைத் துடைப்பதுபோலத் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு வரவில்லை. மாமியார் ஊரெல்லாம் சொல்லிவருவது இது: "சைக்கிள்ள ஏறி ஏறித்தான் கொழந்தையும் செத்துப் பொறந்துது, அவளுக்கும் இப்பிடி ஆயிப்போச்சு." எனக்குச் சைக்கிள் பழக்கிவிட்டது யார் என்று அவருக்குத் தெரியும். தங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

ஒரு நாளைக்கு ஒன்பது துணி துவைக்கிறேன். வாய்க்காலில் மற்ற பெண்கள் துவைத்து முடித்துப் போன பிறகு, அவர்களுக்கும் கீழே, கடைசி மடைக்குப் போய்த் துவைக்கிறேன். என் துணியைத் தொட்ட தண்ணீர் யார் குடத்துக்கும் போகக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறேன். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் இரண்டு வேளை குளிக்கிறேன்.

எனக்குச் சுத்தம் உண்டு. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இப்படிக்கு,
ந. பூவாத்தாள்


ஏலப்பாறை,
28-10-1957

அன்புள்ள பூவு,

உன் கடைசி வரியைப் பல தடவை படித்துவிட்டேன். இந்தக் கடிதம் வேறு விஷயத்துக்கு. கவரில் போட்டு நாலு பக்கமும் ஒட்டி அனுப்புகிறேன். முழுக்கப் படி, கோபம் வந்தாலும் பாதியில் வைத்துவிடாதே.

பீர்மேட்டுக்குப் புதன்கிழமைதோறும் ஒரு லேடி டாக்டர் வருகிறார், வேலூரில் படித்தவர் என்று கேள்விப்பட்டேன். 23ஆம் தேதி டிஸ்பென்சரியில் லீவு கேட்டேன். கம்பவுண்டர் மிக்கேல்ராஜ் மத்தியானம் வரை விடவில்லை. அதற்குள் மழை பிடித்துவிட்டது. ஒன்பது மைல். மூடுபனியில் முன்சக்கரம்கூடத் தெரியவில்லை. இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்து பிடிக்காமல் போக, காலைத் தரையில் ஊன்றி ஊன்றி நிறுத்தினேன். போய்ச் சேர்ந்தபோது ஒரு செருப்பு இல்லை.

டாக்டரம்மா ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார். நான் ஜீப்புக்கு முன்னால் சைக்கிளோடு நின்றுவிட்டேன். டிரைவர் கத்தினான். அந்த அம்மாள் என் காலைப் பார்த்தார். ரத்தம் வந்துகொண்டிருந்தது. "எந்தா மோளே, ஆருக்கா சுகமில்லாத்தது?" என்று, யாருக்கு உடம்பு சரியில்லை என்று மலையாளத்தில் கேட்டு இறங்கினார்.

உன் பெயரைச் சொல்லவில்லை. மற்றதெல்லாம் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வலி நாள்கணக்கில் நீடித்தால் குழந்தையின் தலை உள்ளே அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் ரத்த ஓட்டம் நின்று சதை செத்துப்போகும். பத்து நாள் கழித்து அது உதிர்ந்து, மூத்திரப்பையில் துளை விழும். அவ்வளவுதான் நோய். அதைத் தைத்து மூட முடியும். வேலூரில் தைக்கிறார்கள். ஒரு தடவையில் சரியாகாவிட்டால் இரண்டாம் தடவையும் தைக்கிறார்கள்.

சைக்கிளால் வருமா என்று கேட்டேன். அவர் சிரித்தேவிட்டார். சைக்கிளே பார்க்காத பெண்களுக்கெல்லாம் வருகிறதே என்றார்.

நாம் படித்தபோது இந்த நோயைப் பற்றி ஒரு வரிதான் சொன்னார்கள். வைத்தியம் உண்டென்று சொல்லவே இல்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

எத்தனை நாள் வலி இருந்தது என்று கேட்டார். மூன்று நாள் என்றேன். ஏன் அத்தனை நேரம் வைத்திருந்தார்கள் என்று கேட்டார். ஆற்றில் வெள்ளம் என்றேன்.

வேலூர் விலாசத்தைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அதை மட்டுமாவது கிழித்துப்போடாதே.

இன்பமேரி


முதலமடை,
17-11-1957

இன்பமேரி அவர்களுக்கு,

எங்கள் ஊரில் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கும் இதே தொந்தரவு. தாங்கள் எழுதியதை அவளிடம் சொன்னேன். அவள் சிலவற்றைக் கேட்டு எழுதச் சொன்னாள்.

ஆண் டாக்டர் பார்ப்பாரா? படிக்கிற பிள்ளைகளைச் சுற்றி நிறுத்திக் காட்டுவார்களா?

தனி அறையா, பத்துப் பேரோடு படுக்க வேண்டுமா? பக்கத்துக் கட்டில்காரர்கள் ஆட்சேபணை செய்தால் என்ன செய்வார்கள்?

புருஷன் கையெழுத்து வேண்டுமா? அவளுடைய புருஷன் வரமாட்டார்.

தைத்த பிறகும் ஒழுகினால் ஊரில் என்ன சொல்லிக்கொண்டு திரும்புவது?

அவள் முக்கியமாகக் கேட்டது இது. காட்பாடி வரை ரயில். ஒரு பகல் முழுக்க உட்கார வேண்டும். பெஞ்சில் பக்கத்தில் மனுஷர்கள் இருப்பார்கள். அவள் எப்படி உட்காருவாள்? இரண்டு நாள் முன்பிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சரியாக இருக்குமா? ஆஸ்பத்திரிக்கும் பயப்படவில்லை, கத்திக்கும் பயப்படவில்லை, அந்த பெஞ்சுக்குத்தான் பயம் என்கிறாள்.

பதில் போட்டால் அவளிடம் சொல்லிவிடுகிறேன்.

ந. பூவாத்தாள்


ஏலப்பாறை,
30-11-1957

அன்புள்ள பூவு,

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்.

பார்ப்பது லேடி டாக்டர். வேண்டாம் என்றால் படிக்கிற பிள்ளைகளை வெளியே அனுப்பச் சொல்லலாம், அதைக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. பீர்மேட்டு டாக்டரம்மாவிடம் போன புதன்கிழமை மறுபடியும் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். இந்தத் தடவை மழை இல்லை, இரண்டு செருப்பும் திரும்பி வந்தன. வார்டு பொதுவார்டுதான். ஆனால் அங்கே படுத்திருப்பவர்கள் பாதிப் பேர் இதே நோய்க்காரர்களாம். யாரும் யாரையும் ஆட்சேபிக்க முடியாது. புருஷன் வராவிட்டால் தகப்பனார் கையெழுத்துப் போடலாம்.

தண்ணீர் குடிக்காமல் இருக்கவே கூடாது. மூத்திரம் கெட்டியாகிப் புண் எரியும், நாற்றமும் கூடும். நிறையக் குடிக்கச் சொல்.

ரயிலுக்கு: டிஸ்பென்சரியில் கேட்டு ஒரு ரப்பர் ஷீட் வாங்கியிருக்கிறேன். சலித்த சாம்பலைப் பழந்துணியில் வைத்துத் தைத்து இருபது பை செய்திருக்கிறேன். எல்லாம் பார்சலில் வருகிறது. பெண்கள் பெட்டியில், கழிவறைப் பக்கத்து பெஞ்சின் ஓரத்தில் உட்காரட்டும். இரண்டு ஸ்டேஷனுக்கு ஒரு பை மாற்றினால் பெஞ்சில் ஒரு சொட்டும் விழாது. நானே ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சோதித்துப் பார்த்துவிட்டேன். அம்மா எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுபடி ஒழுகினால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, பூவு. தெரியாததைத் தெரியும் என்று எழுத மாட்டேன்.

அந்தப் பெண் சம்மதித்தால் நானும் பாலக்காட்டிலிருந்து கூட வருகிறேன். என்னோடு வரப் பிடிக்காவிட்டால் நான் அடுத்த பெட்டியில் வருகிறேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே வேண்டாம். நடுவழியில் முடியாமல் போனால் கூப்பிடுவதற்குத் தெரிந்தவள் ஒருத்தி வண்டியில் இருக்கிறாள் என்று மட்டும் இருக்கட்டும்.

இன்பமேரி


வேலூர்,
9-2-1958

மேரியக்கா,

நான் எழுதிய அந்த ஊர்ப் பெண்ணை இங்கே எங்கும் காணோம். கட்டிலில் நான்தான் கிடக்கிறேன்.

காட்பாடியில் இறங்கியபோது அடுத்த பெட்டி ஜன்னலில் உங்கள் தலை தெரிந்தது. கூப்பிட நினைத்தேன். அய்யன் பக்கத்தில் இருந்தார் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். பெஞ்சில் ஒரு சொட்டும் விழவில்லை. இறங்கும்போது நான் உட்கார்ந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

ஜனவரி 27 அன்று ஆபரேஷன். பதின்மூன்று நாள் குழாய் வைத்திருந்தார்கள். இன்று காலை எடுத்தார்கள். எடுத்து ஆறு மணி நேரம் ஆகிறது. விரிப்பு காய்ந்திருக்கிறது. இதை எழுதும்போதும் இடது கையை விரிப்பின் மேல்தான் வைத்திருக்கிறேன்.

இந்த வார்டில் எங்களைப் போல ஏழு பேர். தெலுங்கு பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள். ஒருத்தி நாலு வருஷமாக மாட்டுக்கொட்டகையில் இருந்தவளாம். ஒருத்திக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியாது. நர்ஸ் இதைக் கேட்டுச் சொன்னபோது நான் அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டேன். அவர்களுக்கு ஏன் என்று புரியவில்லை.

ஆறு மாசம் சைக்கிளைத் தொடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. அடுத்த பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். அடுத்தது என்று ஒன்று இருந்தால்.

டாக்டரம்மா என்னிடமும் கேட்டார், யார் பிரசவம் பார்த்தது, ஏன் இத்தனை நேரம் வைத்திருந்தார்கள் என்று. தெரிந்த மிட்வைஃப்தான், ஆற்றில் வெள்ளம் என்றேன்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அன்று மைதானத்தில் நீங்கள் ஒன்றும் சொல்லாமல் நின்றிருக்கலாம். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். உங்களைப் போல எனக்கு ஆதரவாக இருந்தவர்கள் யாரும் இல்லை. அந்த ஒரு நிமிஷத்தில் அந்த வார்த்தை உங்கள் வாயில் எப்படி வந்தது? சும்மா வருகிற வார்த்தை இல்லையே அது. படுத்தே கிடப்பதால் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பதில் எழுதுங்கள்.

பூவாத்தாள்


ஏலப்பாறை,
21-2-1958

அன்புள்ள பூவு,

உன் விரிப்பு காய்ந்திருக்கிறது என்று படித்தவுடன் கோயிலுக்குப் போனேன். முழங்காலில் நின்றேன். நன்றி சொல்ல முடியவில்லை. நீ கேட்ட கேள்வி இடுப்பில் செருகியிருந்தது.

சாமியாரிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன்.

1956 ஜூலை 14, சனிக்கிழமை விடிகாலையில் உனக்கு வலி எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தொட்டுப் பார்த்தேன். தலை முதல் நாள் இருந்த இடத்திலேயே இருந்தது. குழந்தை மாட்டிக்கொண்டுவிட்டது என்று அப்போதே எனக்குத் தெரியும். சந்தேகமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். தெரியும்.

கைகழுவ வெளியே வந்து, காயத்ரிப் புழையைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் வெள்ளம் இல்லை, பூவு. முழங்கால் அளவு தண்ணீர்தான் ஓடியது. உன் மாமியார் வீட்டுக்கு எதிரே ஒரு ஆள் எருமையை ஓட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனான். அரை மணி நேரத்தில் நான் சைக்கிளோடு கடந்து கொல்லங்கோடு போய்க் கார் பிடித்திருக்கலாம். வண்டி கட்டி உன்னையே கடத்தியிருக்கலாம். வெள்ளம் வந்தது திங்கட்கிழமை காலையில். உன்னைப் பாலக்காட்டுக்குக் கொண்டுபோனது அந்த வெள்ளம் வடிந்த பிறகு.

ஏன் போகவில்லை என்றால், அதற்கு முந்தின மாதம் நான் இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தேன். இருவருக்கும் போய்ச் சேர்ந்ததும் சுகப்பிரசவம் ஆகிவிட்டது. விசிட்டரம்மா மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் என்னை எழுப்பி நிறுத்தி, "பிரசவம் பார்க்கப் பயமாயிருந்தா வேலைய விட்டுட்டுப் போ" என்றார். மூன்றாவதாக உன்னையும் அனுப்பினால் என்ன சொல்வார் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், தானாக இறங்கிவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை. உன் குழந்தை என் மானத்துக்காகச் செத்தது.

பாலக்காட்டில் டாக்டரிடம் வலி ஞாயிற்றுக்கிழமைதான் தொடங்கியது, பிறகு வெள்ளம் என்று சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். மைதானத்தில் விசிட்டரம்மா "பூவாத்தாளுக்கு என்ன?" என்று கேட்டபோது, பிரசவத்துக்குப் பிறகு இப்படி இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தால், அடுத்த கேள்வி எத்தனை நாள் வலி என்பது. அதற்கு அடுத்தது வெள்ளம் எந்தக் கிழமை என்பது. அந்தக் கேள்வி வராமல் இருக்க எனக்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன்.

இதையெல்லாம் விசிட்டரம்மாவுக்கு ஒரு கடிதமாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன். தபாலில் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். என் லைசென்ஸ் போகும். போகட்டும்.

இதற்கு நீ பதில் போட வேண்டியதில்லை.

இன்பமேரி


முதலமடை,
13-7-1958

மேரியக்கா,

ஐந்து மாதம் ஆகிவிட்டது. நான் எழுதாததைக் கோபம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். முதல் ஒரு மாதம் கோபம்தான். உங்கள் கடிதத்தைச் சாளைக் கூரையில் செருகி வைத்துவிட்டு, அதைப் பார்க்காத பக்கம் திரும்பிப் படுத்தேன். அதற்குப் பிறகு இருந்தது வேறு. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வியாழக்கிழமை ஒன்று நடந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டத்துக்கு அடுத்து ஜவுளி வியாபாரி அப்பாஸ் ராவுத்தர் வீடு. அவர் மனைவி சௌதாவுக்கு முதல் பிரசவம். பத்தொன்பது வயசு. அப்பாஸ் சரக்கெடுக்கப் பொள்ளாச்சி போயிருந்தார். வீட்டில் அவர் தாயார் பாத்தும்மாவும் இரண்டு பெண்களும்தான். வியாழக்கிழமை காலை என்னை வந்து கூப்பிட்டார்கள். நான் இப்போது நர்ஸ் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். பாத்தும்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை விடிகாலையிலிருந்து வலியாம். தொட்டுப் பார்த்தேன். தலை இறங்கவே இல்லை.

"பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணுமுங்க, இப்பவே" என்றேன்.

"ஆஸ்பத்திரியா? ஆம்பிளை யாரும் இல்லாத நேரத்துல எப்பிடி அனுப்புறது? நாளைக்கு அப்பாஸ் வந்திருவான். நாளை வரைக்கும் பாப்பமே" என்றார் பாத்தும்மா.

"நாளை வரைக்கும் பாத்தவ ஒருத்தி எப்பிடி ஆனான்னு தெரியுமுங்களா?" என்றேன். "நான்தானுங்க அது. எதுக்கு நான் ஒன்றரை வருஷம் சாளையில கெடந்தேன்னு நீங்க யாரும் கேக்கல, நானும் சொல்லல. இப்பச் சொல்றேன். கொழந்தை உள்ளயே செத்துது. பத்தாம் நாள்லயிருந்து எனக்கு மூத்திரம் ஒழுகுச்சு. இருந்த எடமெல்லாம் நனைஞ்சுது. எம் புருஷன் வாசல்லயே நின்னு பேசிட்டுப் போனாரு. இந்தப் புள்ளைக்கு அது வேணுமுங்களா?"

நாலு பெண்கள் முன்னால் சொன்னேன், அக்கா. அதில் ஒருத்தி வாய்க்காலில் தினமும் எனக்கு மேல்மடையில் துவைத்தவள். என் முகம் எரிந்தது. ஆனால் பாத்தும்மா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு, "என்ன செய்யணும், சொல்லு" என்றார்.

பஸ் சாயங்காலம்தான். மாட்டு வண்டி கட்டினால் போய்ச் சேர இருட்டிவிடும். கொல்லங்கோட்டில் அரிசி மண்டி தாவூத் ராவுத்தரிடம் கார் உண்டு. யாராவது போய்ச் சொல்ல வேண்டும். அப்பாஸின் சைக்கிள் நடையில் நின்றது. குறுக்கே பார் உள்ள ஆம்பிளைச் சைக்கிள். அங்கே ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்தி. ஆறு மாதம் முடிய எனக்கு இன்னும் பதினேழு நாள் பாக்கி.

சேலையைக் கச்சமாகக் கட்டிக்கொண்டு ஏறினேன். ஐந்து மைல். பாலக்காட்டுக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும், நேர் எதிரே மழையோடு வந்தது. மிதிக்க மிதிக்க உள்ளே தையல் இழுப்பதுபோலவே இருந்தது. இழுத்ததா, பயமா, தெரியவில்லை. இரண்டு இடத்தில் இறங்கி நின்றேன். திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நான் தொட்டுப் பார்த்தபோது அந்தப் பெண்ணின் கால் என் தோளில் உதைத்தது நினைவு வந்தது. மறுபடி ஏறினேன்.

மண்டியில் ஆம்பிளைகள் நிறைந்திருந்தார்கள். தலை முதல் கால் வரை நனைந்து, கச்சம் கட்டிக்கொண்டு போய் நின்றேன். தாவூத் ராவுத்தர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, எழுந்து சாவியை எடுத்தார்.

பாலக்காட்டில் வயிற்றைக் கீறி எடுத்தார்கள். பெண் குழந்தை. மூச்சு விடத் தாமதித்தது, பிறகு அழுதது. சௌதாவும் நன்றாயிருக்கிறாள்.

நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றேன். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக் காலடியில் தேங்கியிருந்தது. அது மழைதானா என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. என் உடம்பு எனக்கே தெரியவில்லை. ஒரு நர்ஸிடம் வெள்ளைத் துணி ஒன்று கடன் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு, மர பெஞ்சில் உட்கார்ந்தேன். எழுந்தேன், பார்த்தேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், பார்த்தேன். போகிறவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். மூன்று மணி நேரம் கழித்தும் அந்தத் துணி காய்ந்துதான் இருந்தது.

இப்போது நான் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன்.

"உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆற்றைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, என் காதருகில் குனிந்து, "பூவு, ஆஸ்பத்திரிக்குப் போயிருவோமா?" என்றீர்கள். நீங்கள் மறந்தீர்களோ, என்னைக் காப்பாற்ற எழுதாமல் விட்டீர்களோ, தெரியாது. நான் மறக்கவில்லை. அப்போது என் மாமியார் கதவோரம் நின்று, "சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சவளுக்குப் புள்ளை பெத்துக்கத் தெரியலையாட்ட இருக்குது" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் உங்களிடம், "வேண்டாங்க்கா, இங்கயே ஆகட்டும்" என்றேன். நானும் மிட்வைஃப்தானே. என் வயிற்றில் நானே கை வைத்துப் பார்த்திருந்தேன். தலை இறங்கவில்லை என்று உங்களுக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். மாமியார் வாயை அடைப்பதற்காக என் குழந்தையை இன்னும் ஒரு நாள் உள்ளே வைத்திருந்தேன்.

மைதானத்தில் நீங்கள் அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்கு உயிர் போயிற்று. அதோடு இன்னொன்றும் நடந்தது. இதை எழுத எனக்குக் கூசுகிறது. இனிமேல் எல்லாப் பழியையும் இவள் மேலேயே போட்டுவிடலாம் என்று மனசின் ஒரு மூலையில் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒன்றரை வருஷம் அப்படியே போட்டுக்கொண்டும் இருந்தேன்.

விசிட்டரம்மாவுக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. அதில் நீங்கள் எழுதியது பாதிதான். கீழே இருந்த இடத்தில் நான் சொன்னதையும் எழுதிச் சேர்த்திருக்கிறேன். மீட்டிங்கில் அவர் உங்களை நிறுத்தி வைத்துப் பேசியதை நீங்கள் அவருக்கு எழுதவில்லை. அதையும் எழுதியிருக்கிறேன். ரண்டு பேர் கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறேன்.

வீட்டுக்காரர் ஆள் அனுப்பியிருந்தார், இப்போது நன்றாகிவிட்டதாமே என்று. அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று எழுத வரவில்லை. என் மேலும் போகவில்லை. அதை நேரில் பேசலாம். ஆகஸ்டில் லீவு போட்டு வாருங்கள். சாளையில் இரண்டு பேர் படுக்க இடம் இருக்கிறது.

பூவு